அதிபர் உடலில் குண்டைத் தேடிய கிரஹாம் பெல்: ஆதி மெட்டல் டிடெக்டர் தோற்றது ஏன்? கொங்கு மண்ணில் காசு தேடுவோர் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

பொள்ளாச்சி, வெள்ளலூர், உடுமலைப்பேட்டை பக்கம் இருக்கும் பூதிநத்தம். கொங்கு மண்டலத்தில் ரோமானிய நாணயங்கள் கிடைத்த ஊர்களைச் சொல்ல ஆரம்பித்தால் பட்டியல் இப்படித்தான் போகும். 1842-ல் வெள்ளலூரில் கிடைத்த புதையலில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் இருந்தன. 1946-ல் பூதிநத்தத்தில் கிடைத்தவை ஆயிரத்தைத் தாண்டின.

இந்தக் கதைகளைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களின் கையில் இப்போது ஸ்மார்ட்போன் இருக்கிறது. ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கே மெட்டல் டிடெக்டர் கிடைக்கிறது. வாங்கி வந்து தோட்டத்தில் நாலு நாள் வீசிப் பார்த்தவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். மிஷின் ஏன் சும்மா சும்மா கத்துது? எந்த செட்டிங்கில் வைக்கணும்? எத்தனை அடி ஆழம் வரைக்கும் பார்க்கும்?

இதே மூன்று கேள்விகளோடு 1881-ம் ஆண்டு கோடையில் வாஷிங்டன் நகரில் ஒருவர் சரியான தூக்கம் இல்லாமல் அலைந்துகொண்டிருந்தார். அவர் தேடியது காசு இல்லை, துப்பாக்கிக் குண்டு. தேடிய இடம் தோட்டமும் இல்லை, உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த அமெரிக்க அதிபரின் உடல்.

அவர் அலெக்சாண்டர் கிரஹாம் பெல். ஆமாங்க, டெலிபோனைக் கண்டுபிடித்தவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே பெல்தான்.

காது கேளாத அம்மா, ஒலியைத் துரத்திய மகன்

பெல் பிறந்தது 1847 மார்ச் 3-ம் தேதி, ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில். அப்பா அலெக்சாண்டர் மெல்வில் பெல் பேச்சுப் பயிற்சி ஆசிரியர். மனிதர் எழுப்பும் ஒவ்வொரு ஒலிக்கும், வாய் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் காட்டும் எழுத்து முறை ஒன்றை உருவாக்கியவர். அம்மா எலைசாவுக்குக் காது சரியாகக் கேட்காது. ஆனாலும் பியானோ வாசிப்பார். அம்மாவின் நெற்றிக்கு அருகே வாயை வைத்து, தாழ்ந்த குரலில் பேசினால் அவருக்குப் புரிகிறது என்பதைச் சின்ன வயதிலேயே மகன் கண்டுகொண்டார். ஒலி என்பது அதிர்வு என்பதை அவர் வீட்டிலேயே படித்துவிட்டார் என்று சொல்லலாம்.

அடுத்தடுத்து இரண்டு சாவு அந்தக் குடும்பத்தைப் புரட்டிப் போட்டது. தம்பி எட்வர்டும் அண்ணன் மெல்வில்லும் காசநோயில் போய்விட்டார்கள். மிஞ்சிய ஒரே மகனையாவது காப்பாற்ற வேண்டும் என்று பெற்றோர் 1870-ல் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். மறு வருடமே பெல் அமெரிக்காவின் பாஸ்டனுக்குப் போய், காது கேளாத பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் ஆனார்.

பகலில் பாடம். ராத்திரியில் கம்பிகளும் காந்தங்களும். ஒரே கம்பியில் பல தந்திகளை அனுப்பும் முயற்சியில் இறங்கியவர், தாமஸ் வாட்சன் என்ற கைதேர்ந்த மெக்கானிக்கின் துணையோடு குரலையே கம்பியில் அனுப்பும் இடத்துக்கு வந்து சேர்ந்தார். 1876 மார்ச் 7-ல் காப்புரிமை. மூன்று நாள் கழித்து, பக்கத்து அறையில் இருந்த வாட்சனைக் கருவி வழியாகக் கூப்பிட, அது அவருக்குத் தெளிவாகக் கேட்டது.

இந்தப் பெருமை முழுக்க பெல்லுக்கே சேருமா என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. எலிஷா கிரே என்பவரும் அதே நாளில்தான் காப்புரிமை அலுவலகத்தின் கதவைத் தட்டினார். இத்தாலியர் அன்டோனியோ மெயூச்சியின் பங்களிப்பை அங்கீகரித்து அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 2002-ல் தீர்மானமே போட்டது. அது தனியாக எழுத வேண்டிய கதை.

1877-ல் மேபல் ஹப்பர்ட் என்பவரைப் பெல் மணந்தார். ஐந்து வயதில் வந்த காய்ச்சலில் கேட்கும் திறனை இழந்தவர் மேபல். புது டெலிபோன் கம்பெனியில் தனக்கு இருந்த பங்குகளில் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் மனைவி பெயரில் எழுதிக்கொடுத்தார் பெல்.

நம் கதைக்கு முக்கியமான விஷயம் ஒன்று அந்த வருடம் நடந்தது. பக்கத்தில் ஓடும் தந்திக் கம்பிகளால் டெலிபோனில் கரகரவென்று இரைச்சல் வந்தது. அதை அடக்க, இரண்டு கம்பிச் சுருள்களை ஒன்றின் விளைவை மற்றொன்று ரத்து செய்யும்படி வைத்துப் பார்த்தார் பெல். சுருள்கள் சமநிலையில் இருந்தால் ரிசீவரில் அமைதி. ஏதாவது உலோகம் பக்கத்தில் வந்தால் அந்த அமைதி கலைந்து சத்தம் வந்தது. அப்போது அதை அவர் ஓரமாக வைத்துவிட்டார்.

ரயில் நிலையத்தில் இரண்டு குண்டு

1881 ஜூலை 2. பதவியேற்று நான்கு மாதம்கூட முடியாத அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்ட், வாஷிங்டன் ரயில் நிலையத்துக்குள் நுழைந்தார். அரசு வேலை கிடைக்காத கோபத்தில் இருந்த சார்லஸ் கிட்டோ என்பவன் பின்னாலிருந்து இரண்டு முறை சுட்டான். ஒரு குண்டு கையை உரசிப் போனது. மற்றொன்று முதுகின் வலது பக்கம் நுழைந்து உள்ளேயே தங்கிவிட்டது.

குண்டு எங்கே இருக்கிறது? இந்த ஒரு கேள்விதான் அடுத்த எண்பது நாள் அமெரிக்காவை ஆட்டிப் படைத்தது.

எக்ஸ்-ரே வர இன்னும் 14 வருடம் இருந்தது. டாக்டர்கள் கழுவாத விரலையும் கருவிகளையும் காயத்துக்குள் விட்டுத் துழாவினார்கள். கிருமிதான் புண்ணைச் சீழ்பிடிக்க வைக்கிறது என்று ஜோசப் லிஸ்டர் ஐரோப்பாவில் நிரூபித்துக்கொண்டிருந்தாலும், அமெரிக்க மருத்துவர்களில் பலர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சிகிச்சைப் பொறுப்பை எடுத்துக்கொண்ட டாக்டர் வில்லார்ட் பிளிஸ், குண்டு வலது பக்கத்தில்தான் இருக்கிறது என்று அடித்துச் சொன்னார். தினமும் பத்திரிகைகளுக்கு அறிக்கையும் போனது.

செய்தியைப் படித்த பெல்லுக்கு நான்கு வருடத்துக்கு முந்தைய இரட்டைச் சுருள் ஞாபகம் வந்தது. இதே தத்துவத்தில் இங்கிலாந்தின் டேவிட் ஹியூஸ் 1879-ல் ஒரு கருவியே செய்து காட்டியிருந்தார். வானியல் அறிஞர் சைமன் நியூகோம்பும் மின்சாரத்தால் குண்டைத் தேட முடியும் என்ற யோசனையில் இருந்தார். டெலிபோனுக்குக் கிடைத்த பிரெஞ்சு அரசின் பரிசுப் பணத்தில் வாஷிங்டனில் ஆய்வுக்கூடம் நடத்திவந்தார் பெல். உதவியாளர் சம்னர் டெய்ன்டரோடு ராத்திரி பகலாக வேலை தொடங்கியது.

டெலிபோன் ரிசீவர்தான் காது

கருவி பார்க்க எளிமையானதுதான். ஒன்றின்மேல் ஒன்று பாதி படியும்படி இரண்டு கம்பிச் சுருள். ஒன்றில் பேட்டரி மின்சாரம் விட்டுவிட்டுப் பாயும். இன்னொன்றோடு டெலிபோன் ரிசீவர் இணைந்திருக்கும். சுருள்களைச் சரியான நிலையில் வைத்துவிட்டால் ரிசீவரில் சத்தமே வராது. ஈயக் குண்டு பக்கத்தில் வந்தால் அதற்குள் சின்னதாக மின்னோட்டம் சுழலும். அது சமநிலையைக் கலைக்கும். காதில் மெல்லிய ரீங்காரம்.

இன்று கோவையில் மால் வாசலில் நம்மைத் தடவிப் பார்க்கும் கருவியும், தோட்டத்தில் வீசும் தட்டு போன்ற காயிலும் அடிப்படையில் இந்த வேலையைத்தான் செய்கின்றன. காதுக்குப் பதில் ஒரு சிப் கேட்கிறது, அவ்வளவுதான்.

பெல் சும்மா கருவியைத் தூக்கிக்கொண்டு வெள்ளை மாளிகைக்கு ஓடிவிடவில்லை. குண்டைக் கைக்குள் மூடிவைத்துத் தேடினார். வாய்க்குள் அடக்கிவைத்துத் தேடினார். இறைச்சித் துண்டுக்குள் குண்டைப் புதைத்தும் பார்த்தார். உள்நாட்டுப் போரில் குண்டடிபட்டு, அது உடம்பிலேயே தங்கிவிட்ட பழைய சிப்பாய்களைத் தேடிப்போய்ச் சோதித்தார். பலன் இருந்தது. ஆனால் சில அங்குலத்துக்கு மேல் சத்தம் தேய்ந்து போனது. கம்பியின் பருமன், சுற்றுகளின் எண்ணிக்கை, பேட்டரி, இரண்டு சுருளுக்கும் இடையிலான தூரம் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே இருந்தார்.

மெட்டல் டிடெக்டர் வாங்கியவர்கள் முதல் நாளே வயலுக்குப் போகாமல் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு ரூபாய்க் காசை நான்கு அங்குலம், ஆறு அங்குலம், எட்டு அங்குலம் என்று உங்கள் வீட்டு மண்ணிலேயே புதைத்து, மிஷின் எதுவரை கண்டுபிடிக்கிறது என்று பாருங்கள். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் ஆழத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்கே தெரிந்துவிடும். கடைக்காரர் காட்டும் காற்றுச் சோதனை வேறு, மண் வேறு.

ஜூலை 26: கரகர சத்தம்

முதல் சோதனை 1881 ஜூலை 26 மாலை. அதிபரின் முதுகுக்கு மேல் சுருளை மெல்ல நகர்த்தினார்கள். ஆய்வுக்கூடத்தில் ஒழுங்காக வேலை செய்த கருவி, அன்று பார்த்து விடாமல் கரகரவென்று இரைந்தது. பிடிக்கும் தூரமும் பாதியாகக் குறைந்தது போல் இருந்தது. எதுவும் தெரியாமல் திரும்பினார்கள்.

காரணம் பிறகு தெரிந்தது. புதிதாகச் சேர்த்திருந்த மின்தேக்கியை, அவசரத்தில் ஒரு பக்கம் மட்டுமே இணைத்திருந்தார்கள். நாட்டின் அதிபருக்காகச் செய்த வேலையில் ஒரு வயர் இடம் மாறிப்போனது!

கருவி காரணமில்லாமல் கத்தினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மண்ணை இல்லை, மிஷினைத்தான். காயில் வயர் தளர்ந்திருக்கலாம். பேட்டரி இறங்கியிருக்கலாம். சென்சிடிவிட்டியை உச்சத்தில் வைத்தால் ஆழம் கூடும் என்று நினைத்து முழுசாகத் திருகுகிறவர்கள்தான் அதிகம். உண்மையில் மிஷின் கத்துகிற சத்தத்தில் காசின் சன்னமான சத்தம் அமுங்கிப்போகும். கத்தல் நிற்கும் வரை குறைத்து வைப்பதுதான் சரி.

நம் பக்கத்தில் இன்னொரு தொந்தரவும் உண்டு. மோட்டார் ரூம், தறிக் குடோன், மேலே போகும் உயர் அழுத்த மின்கம்பி, வேலியில் ஓடும் மின்சாரம், உங்கள் சட்டைப் பையில் இருக்கும் செல்போன் எல்லாமே மிஷினைக் குழப்பும். போனை ஏர்பிளேன் மோடில் போட்டுவிட்டுப் பாருங்கள். பாதிப் பிரச்னை அதிலேயே தீர்ந்தாலும் தீரும்.

ஆகஸ்ட் 1: எல்லாப் பக்கமும் சத்தம்

கோளாறைச் சரிசெய்துகொண்டு ஆகஸ்ட் 1-ம் தேதி பெல் மறுபடியும் போனார். இந்த முறை கருவி ஒழுங்காக இருந்தது. டாக்டர் பிளிஸ் சொன்ன வலது பக்கத்தில் தேடியபோது சத்தமும் கேட்டது. ஆனால் அது ஒரு புள்ளியில் கேட்கவில்லை, கையகலத்துக்கும் மேல் பரவிக் கேட்டது. சின்னக் குண்டு ஒன்று இப்படி ஒலிக்காதே என்று பெல்லுக்கு உறுத்தியது. டாக்டர்களுக்கு எந்த உறுத்தலும் இல்லை. தாங்கள் சொன்ன இடம் சரியென்று மின்சாரமே சொல்லிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் பெல் விசாரித்தபோதுதான் ஒரு விஷயம் வெளியே வந்தது. அதிபர் படுத்திருந்த குதிரைமுடி மெத்தைக்கு அடியில், எஃகுக் கம்பிகளால் பின்னிய இன்னொரு மெத்தை இருந்தது. அந்தக் காலத்தில் அது புதுசு, அதிகம் பேரிடம் இல்லாத சாமான். கட்டிலைச் சுற்றி உலோகம் இருக்கக் கூடாது என்று நினைத்தவர்களுக்குக் கட்டிலுக்குள்ளேயே உலோகம் இருப்பது தெரியவில்லை.

பெல் கதையைச் சொல்லும் பலர் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். மெத்தைக் கம்பிதான் பெல்லைத் தோற்கடித்தது, இல்லாவிட்டால் அதிபர் பிழைத்திருப்பார் என்று முடித்துவிடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெல் அதோடு நிற்கவில்லை.

மெத்தையா, ஆழமா?

அதே மாதிரி மெத்தை ஒன்றை வரவழைத்து, கருவியை அதன்மேல் வைத்துச் சோதித்தார் பெல். அதிபர் உடலில் கேட்ட சத்தத்தை மெத்தை ஒன்றை வைத்தே விளக்கிவிட முடியவில்லை. இதற்கிடையே கார்ஃபீல்டின் உடல் முழுக்கச் சீழ் பரவியது. ஆள் பாதியாக இளைத்தார். கடல் காற்றாவது உதவட்டும் என்று நியூ ஜெர்சிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே செப்டம்பர் 19-ம் தேதி இறந்தார். வயது 49.

பிரேதப் பரிசோதனையில்தான் குண்டு கிடைத்தது. அது முதுகெலும்பைத் துளைத்துக்கொண்டு இடது பக்கம் போய், கணையத்துக்குக் கீழே ஆழத்தில் பதிந்திருந்தது. டாக்டர்கள் குண்டு போன பாதை என்று நம்பிய வலது பக்கத்துப் பாதை, அவர்களே விரலை விட்டுத் துழாவி உண்டாக்கியது.

1882-ல் அறிவியல் மாநாட்டில் படித்த நீண்ட கட்டுரையில் பெல் எல்லாவற்றையும் வரிசையாக எழுதினார். தவறான வயர், மெத்தை, சோதித்த சிப்பாய்கள் என்று எதையும் மறைக்கவில்லை. அவர் கடைசியாக வந்து சேர்ந்த முடிவு, குண்டு தன் கருவி எட்டும் தூரத்துக்கு அப்பால் இருந்தது என்பதுதான். அதாவது மெத்தையைத் தூக்கி வீசியிருந்தாலும், செட்டிங்கை எப்படி மாற்றியிருந்தாலும், அந்த இடத்தில் வைத்துத் தேடியிருந்தால் குண்டு கிடைத்திருக்காது.

தேடவிட்ட பக்கமே தப்பு. தேடிய ஆழமும் பத்தாது.

ஆழம் ஏன் இவ்வளவு பெரிய பிரச்னை?

காயிலிலிருந்து கிளம்பும் காந்தப்புலம் தூரம் கூடக்கூட வேகமாக வலுவிழக்கும். அது காசைத் தொட்டு, காசிலிருந்து பலவீனமான ஒரு புலம் திரும்பி வரும்போது மறுபடியும் அதே மாதிரி வலுவிழக்கும். சின்னப் பொருள் ஒன்று காயிலை விட்டுத் தள்ளி இருக்கும்போது, தூரம் இரண்டு மடங்கானால் திரும்பி வரும் சிக்னல் சுமார் 64-ல் ஒரு பங்காகிவிடும். பாதியாவது வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்து போவது இங்கேதான்.

ஒற்றைக் காசு என்றால், நல்ல மண்ணில் காயிலின் விட்டம் எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு ஆழம் கிடைக்கும் என்பது பழகியவர்களின் கணக்கு. பத்து அங்குலக் காயிலுக்குப் பத்து அங்குலம். அதற்கே காசு மல்லாந்து கிடக்க வேண்டும். செங்குத்தாக நின்றால் பல நேரம் மிஷினுக்குத் தெரியாது. பெரிய காயில் மாட்டினால் ஆழம் கொஞ்சம் கூடும், ஆனால் சின்னக் காசைத் தவறவிடும் வாய்ப்பும் கூடும்.

ரோமானியர்களின் தினாரி என்ற வெள்ளிக் காசு நம் ஒரு ரூபாயைவிடக் கொஞ்சம் சின்னது. எடை நான்கு கிராமுக்கும் குறைவு. ஒரு விதத்தில் பெல் தேடிய பொருளைவிட இது சுலபம். வெள்ளி அளவுக்கு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகம் இல்லை. ஈயம் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கடத்தாது. ஆனால் பெல்லுக்கு இல்லாத ஒரு கஷ்டம் நமக்கு இருக்கிறது. அது மண்.

கொங்கு நாட்டுச் செம்மண்ணுக்கு நிறம் கொடுப்பது அதிலுள்ள இரும்பு ஆக்சைடு. மிஷினுக்கு மண்ணே ஒரு பெரிய உலோகப் பொருள் போலத் தெரியும். பெல்லுக்கு மெத்தை எப்படியோ அப்படி. இதைக் கழிக்கத்தான் கிரவுண்ட் பேலன்ஸ் என்ற வசதி. உலோகம் இல்லாத இடம் பார்த்து, காயிலை மேலும் கீழும் அசைத்து, சத்தம் மாறாமல் இருக்கும் வரை சரிசெய்ய வேண்டும். செம்மண் காட்டில் செய்ததை வைத்துக்கொண்டு கரிசல் பக்கம் போனால் சரிவராது. மண் மாறும்போதெல்லாம் திரும்பச் செய்ய வேண்டும்.

ஆணி, பாட்டில் மூடி, பாக்குப் பொட்டல ஜிகினா, லாடம் எல்லாவற்றையும் ஒதுக்க டிஸ்கிரிமினேஷன் என்ற வசதி இருக்கிறது. அதை ஏற்றி வைத்தால் நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் துருப்பிடித்த ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் காசும் அதோடு சேர்ந்து ஒதுக்கப்படும். நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணல் போன்ற ஊர்களில் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே இரும்பு உருக்கியிருக்கிறார்கள். அந்தப் பகுதி மண்ணில் இரும்புக் கசடு கிடந்தால், அதுவும் மிஷினுக்குத் தொல்லைதான்.

இவ்வளவும் சரியாகச் செய்தால்கூடக் கிடைப்பது பத்து அங்குல உலகம். ஐந்தடி, பத்தடி என்று விளம்பரம் செய்வது பெரும்பாலும் அண்டா மாதிரி பெரிய உலோகப் பொருளை வைத்துச் சொல்வது. நூறு மீட்டர் தூரத்தில் உள்ள தங்கத்தைக் காட்டும் என்று ஆன்டெனா வைத்த கைப்பிடியை லட்சக்கணக்கில் விற்கிறார்களே, அதை நம்பவே வேண்டாம். இதே மாதிரி ஒரு கைப்பிடியை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று இராக்குக்கு விற்ற பிரிட்டன்காரருக்கு 2013-ல் 10 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அந்தக் கருவிக்குள் வேலை செய்யும் எதுவுமே இல்லை.

அதே மாதத்தில் சொந்த வீட்டில் ஒரு சாவு

பெல் வெள்ளை மாளிகைக்கு அலைந்துகொண்டிருந்தபோது மேபல் நிறைமாதத்துக்கு முன்பே பிரசவ வேதனையில் இருந்தார். ஆகஸ்ட் 15-ம் தேதி பிறந்த ஆண் குழந்தை எட்வர்ட், மூச்சு விட முடியாமல் அன்றைக்கே இறந்தது. இறந்துபோன தம்பியின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள்.

அதன் பிறகு பெல் செய்த கருவி, மூச்சுத் திணறுபவர்களின் மார்பைச் சுற்றி மாட்டி, காற்றழுத்தத்தை மாற்றி மூச்சு வரவைக்கும் உலோகக் கவசம். பிற்காலத்தில் போலியோ நோயாளிகளைக் காப்பாற்றிய இரும்பு நுரையீரலுக்கு அது முன்னோடி. 1883-ல் பிறந்த இன்னொரு மகன் ராபர்ட்டும் தங்கவில்லை. எல்சி, மரியன் என்ற இரண்டு பெண்கள்தான் வளர்ந்து ஆளானார்கள்.

குண்டு தேடும் கருவியை அவர் கைவிடவில்லை. காயத்துக்குள் விடும் ஊசியோடு டெலிபோன் ரிசீவரை இணைத்து, ஊசி உலோகத்தைத் தொட்டால் காதில் சத்தம் கேட்கும்படி இன்னொரு கருவியையும் செய்தார். 1895-ல் எக்ஸ்-ரே வந்த பிறகு இவற்றுக்கான தேவை குறைந்தது.

தத்துவம் மட்டும் சாகவில்லை. 1930-களில் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய கெர்ஹார்ட் ஃபிஷர், தாதுக்கள் உள்ள நிலத்துக்கு மேல் விமானத்தின் ரேடியோ திசைகாட்டி தடுமாறுவதைக் கவனித்து, கையில் எடுத்துப்போகும் டிடெக்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போரில் போலந்து அதிகாரி யூசெப் கொசாட்ஸ்கி உருவாக்கிய கண்ணிவெடி டிடெக்டர், 1942-ல் எல் அலமெய்ன் பாலைவனத்தில் படைகளுக்குப் பாதை திறந்தது. போர் முடிந்த பிறகு, காசு தேடும் பொழுதுபோக்கு மேலை நாடுகளில் பரவியது.

புகழும், ஆறாத கோபமும்

மீதி வாழ்க்கையைப் பெல் பெரும்பாலும் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், பேடெக் என்ற ஏரிக்கரை ஊரில் கழித்தார். அவர் குழு உருவாக்கிய சில்வர் டார்ட் விமானம் 1909 பிப்ரவரியில் உறைந்த ஏரியின் மேலிருந்து எழும்பிப் பறந்தது. தண்ணீர்மேல் எழும்பி ஓடும் அவர்களுடைய படகு, 1919-ல் மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தில் போய்ச் சாதனை படைத்தது. நேஷனல் ஜியாக்ரபிக் சொசைட்டியின் தலைவராகவும் இருந்தார். பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத ஹெலன் கெல்லரின் பெற்றோருக்குச் சரியான பள்ளியைக் காட்டியதும் அவர்தான்.

ஆனால் காது கேளாதோர் சமூகத்தில் பலருக்கு அவர் பெயரைக் கேட்டாலே கோபம் வரும். காரணம் இருக்கிறது. பிள்ளைகள் சைகை மொழியை விட்டுவிட்டு உதட்டசைவைப் பார்த்துப் பேசப் பழக வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். காது கேளாதவர்கள் தங்களுக்குள் திருமணம் செய்துகொள்வதால் அந்தக் குறைபாடு பெருகும் என்று 1883-ல் எழுதினார். அம்மாவும் மனைவியும் காது கேளாதவர்களாக இருந்த ஒருவர் இப்படி நினைத்ததை எளிதாகக் கடந்துபோக முடியாது. அவர் ஆதரித்த முறையால் சைகை மொழி பல பள்ளிகளில் பல பத்தாண்டுகள் ஓரங்கட்டப்பட்டது.

1922 ஆகஸ்ட் 2-ம் தேதி, 75 வயதில் பேடெக்கில் பெல் காலமானார். அடக்கம் நடந்த நேரத்தில் வட அமெரிக்கா முழுக்க டெலிபோன்கள் ஒரு நிமிடம் மௌனமாக இருந்தன.

சரி, காசு கிடைத்துவிட்டால்?

பெல் டெலிபோன் காப்புரிமை வாங்கி இரண்டு வருடம் கழித்து, 1878-ல் இந்தியாவில் ஒரு சட்டம் வந்தது. இந்தியப் புதையல் சட்டம். இன்றும் அமலில் இருப்பது அதுதான்.

மண்ணுக்குள் கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே, கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், எவ்வளவு, எந்த இடம், எந்தத் தேதி என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பொருளையும் ஒப்படைக்க வேண்டும். நூறு ஆண்டுக்குள் யாரும் புதைத்ததில்லை, உரிமையாளர் என்று யாரும் இல்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அரசே எடுத்துக்கொள்வதாக இருந்தால், உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துப் பணமாகத் தரும். மறைத்தால் பங்கும் போய்விடும், ஓராண்டு வரை சிறையும் உண்டு.

பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் கதையே வேறு. அங்கே அனுமதி இல்லாமல் மண்ணைக் கிளறுவதே குற்றம். மத்திய அரசின் 1958-ம் ஆண்டுச் சட்டமும், தமிழ்நாடு அரசின் 1966-ம் ஆண்டுச் சட்டமும் இதற்காகவே இருக்கின்றன.

இடத்தையும் தேதியையும் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள்? 1800-ம் ஆண்டு வாக்கில் பொள்ளாச்சியில் பானை நிறைய ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அப்போது இந்தப் பக்கம் பயணம் செய்த டாக்டர் பிரான்சிஸ் புகானனுக்கு அதில் ஆறு காசுகள் வந்து சேர்ந்தன. அவை அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற இரண்டு பேரரசர்களின் காசுகள் என்றும், ஒவ்வொன்றும் 56 கிரெய்ன் எடை என்றும், பொள்ளாச்சியில் தோண்டி எடுத்தவை என்றும் அவர் குறித்து வைத்தார். 1807-ல் அது புத்தகமாக வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சேர நாட்டுத் துறைமுகங்களுக்கும் கொங்கு நாட்டுக்கும் இடையே நடந்த வணிகத்தைப் பற்றிப் பேசும் ஆய்வாளர்கள் இன்றும் அந்தக் குறிப்பை எடுத்துப் பார்க்கிறார்கள்.

வயலில் சிக்னல் கேட்டதும் கைவாரியைப் போட்டுத் தோண்டிக் காசைப் பைக்குள் போட்டுவிட்டால் மிஞ்சுவது நான்கு கிராம் வெள்ளி மட்டும்தான். எந்த ஆழத்தில் கிடந்தது, பக்கத்தில் பானை ஓடு இருந்ததா, சாம்பல் இருந்ததா என்பதை அதே குழிக்குள் திரும்ப வைக்க முடியாது. அதனால் காசு மாதிரி ஏதாவது தென்பட்டால் அந்த இடத்தில் தோண்டுவதை நிறுத்துங்கள். போனில் போட்டோ எடுத்து, லொகேஷனைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ சொல்லி, ஆட்சியருக்கான கடிதத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள். கடிதத்தின் ஒரு நகலில் தேதியோடு முத்திரை வாங்கி உங்கள் கையில் வைத்திருப்பது நல்லதுங்க.